டிராக் டேக்கு முன் மாற்ற வேண்டியது டிஸ்க்கா, பிரேக் ஆயிலா?

11 ஜனவரி 2025, காவேரிப்பட்டினத்திலிருந்து வந்த கேள்வி

"2016 ஸ்விஃப்ட், பெட்ரோல், 71,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பிப்ரவரியில் கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் டிராக் டேக்கு, அதாவது சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கிற நாளுக்கு, பேர் கொடுத்திருக்கிறேன். கடையில் விசாரித்தால் பெரிய டிஸ்க், அகல டயர் எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய் ஆகும், இல்லாவிட்டால் பிரேக்கே பிடிக்காது என்கிறார்கள். உண்மையா?"

11 ஜனவரி, இரவு

உண்மை இல்லை தம்பி. அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும். பிரேக் ஆயிலை மாற்றுங்கள், சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடைப் பாருங்கள், டயர் தேதியைப் பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் முதல் டிராக் டேக்குப் போதும்.

ஆயிலை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், 2023இல் அதே தடத்தில் எனக்குப் பிரேக் பெடல் தரை வரை இறங்கிவிட்டது. இரண்டாவது செஷன், நான்காவது சுற்று. நேர்சாலை முடிகிற இடத்தில் மிதித்தேன், காலுக்கு அடியில் எதிர்ப்பே இல்லை. இரண்டு முறை அடித்து அடித்து மிதித்த பிறகு பாதி பிடித்தது. வண்டி தடத்தை விட்டு மண்ணில் இறங்கி, நல்லவேளை, நேராகவே நின்றது. எஞ்சினை அணைத்த பிறகும் என் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

டிஸ்க், பேட், பேடைப் பிஸ்டனால் தள்ளுகிற காலிப்பர், மூன்றிலும் குறை இல்லை. ஆயில்தான் சூட்டில் கொதித்துவிட்டது, நான்கு வருடப் பழசு. சர்வீஸ் பில்லில் ஒவ்வொரு முறையும் "பிரேக் ஆயில் டாப்அப்" என்று எழுதியிருந்தார்கள், மாற்றியதே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தால் கருப்பட்டிக் காப்பி நிறம்.

12 ஜனவரி

ஆயில் கொதித்தால் பெடல் ஏன் இறங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். மூடியை இறுக்கி வைத்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துவிடும். டாட் 4 என்கிற தர வகை ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அது 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறிய பின் 140. ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி வரும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதி எல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும், பேட் வரைக்கும் போகாது.

ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றி 30 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறவருக்கு நான்கு வருட ஆயிலும் நன்றாகத்தான் பிடிக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆளோடு சேர்த்து 1000 கிலோ வண்டியை 120இலிருந்து 60க்குக் குறைத்தால் வெளியேறுகிற சூடு சுமார் 416 கிலோ ஜூல். மார்கழிக் காலைத் தண்ணீர், ஒண்ணேகால் லிட்டர், அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வளவு சூடு போதும். மூன்றே நொடியில் அது அத்தனையும் பிரேக்குக்குள் போகிறது, பெரும் பங்கு முன் இரண்டு சக்கரத்துக்கு. அடுத்த வளைவில் மறுபடி அதே.

12 ஜனவரி, பிற்பகல்

நம் ஊர்க்காரர்களுக்கு இதைத் தொப்பூர் கணவாய் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். பாளையம் சுங்கச்சாவடி தாண்டிச் சேலம் பக்கம் இறங்குகிற இறக்கத்தில், இரட்டைப் பாலம் வருவதற்குள் எத்தனை லாரி பிரேக் பிடிக்காமல் போயிருக்கிறது! அப்பா 22 வருடம் கிரானைட் கல் ஏற்றி அந்த வழியில் லாரி ஓட்டியவர். "ஏறின கியரிலேயே இறங்கு" என்பார். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும், வீட்டுக்கு வந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

13 ஜனவரி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். லாரியில் இருப்பது ஏர் பிரேக், அதில் கொதிக்க ஆயில் கிடையாது. தொப்பூரில் நடப்பது வேறு: தொடர்ந்து மிதித்துக்கொண்டே வருவதால், சக்கரத்து டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற லைனர் சூடாகி உராய்வை இழக்கிறது, டிரம் சூட்டில் விரிந்து லைனரை விட்டு விலகுகிறது. காரில் இதற்குச் சமமானது பேட் ஃபேட், அதாவது பேட் சூட்டில் பிடியை இழப்பது.

இரண்டையும் கால்தான் பிரித்துச் சொல்லும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் பேட். எதுவாக இருந்தாலும் அடுத்த வளைவைப் பார்க்காமல் வேகத்தைக் குறைத்து, மெதுவாக ஒரு சுற்று சுற்றி உள்ளே வந்துவிடுங்கள்.

14 ஜனவரி

பொங்கல் வாழ்த்துகள். இன்று மாடு, கரும்பு, குழந்தைகள். டயர் பற்றி நாளை.

16 ஜனவரி

டயரின் பக்கச் சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3118 என்றால் 2018ஆம் வருடம் 31ஆவது வாரம் செய்தது. டயரை உள்பக்கம் திரும்பிப் போட்டிருந்தால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும், சோம்பல் படாதீர்கள்.

2021இல் ஒரு கடையில் நான்கு டயரையும் "இப்பத்தான் லோடு வந்துச்சு" என்று சொல்லிப் போட்டுவிட்டார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் இலக்கத்தைப் படித்தேன். இரண்டு டயர் மூன்று வருடப் பழசு. பில்லில் தேதி இலக்கம் இல்லாததால் ஒன்றும் பேச முடியவில்லை. இப்போதெல்லாம் டயரை ரிம்மில் ஏற்றும் முன்னரே இலக்கத்தைப் படித்துப் பில்லில் எழுதித் தரச் சொல்கிறேன்.

பட்டன், அதாவது தரையைத் தொடுகிற ரப்பர் கட்டை, ஆழமாக இருந்தால் நல்ல டயர் என்று நினைக்க வேண்டாம். ஐந்தாறு வருடமான டயரில் ரப்பர் இறுகிவிடும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும், பக்கச் சுவரை லேசாக வளைத்தால் முடி மாதிரி வெடிப்பு தெரியும். அப்படித் தெரிந்தால் தடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

அதே சமயம் புத்தம்புது டயரும் காய்ந்த தடத்துக்கு அவ்வளவு தோதில்லை. 8 மி.மீ. உயரப் பட்டன் வளைவில் நெளிகிறது, நெளிந்தால் சூடாகிறது, சூடானால் ஓரம் பிய்கிறது. 4, 5 மி.மீ. மிச்சமுள்ள, வயது குறைந்த டயர்தான் எனக்குப் பிடித்தது. மழை வந்தால் கணக்கு மாறும். பட்டன் தேய்ந்து, பள்ளத்தில் இருக்கிற தேய்மானக் கோட்டை, அதாவது 1.6 மி.மீ. உயரத்தை, நெருங்கிவிட்டால் பேச்சே வேண்டாம், மாற்றுங்கள்.

16 ஜனவரி, இரவு

வேகக் குறி பற்றி எழுத மறந்துவிட்டேன். அளவு எண்ணுக்குக் கடைசியில் ஓர் எழுத்து: எஸ் என்றால் 180, டி என்றால் 190, ஹெச் என்றால் 210, வி என்றால் 240 கி.மீ. கரியின் தடம் 2.1 கி.மீ. நீளந்தான், ஸ்விஃப்ட் அந்த வேகத்துக்கெல்லாம் அங்கே போகாது. சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கி.மீ., அங்கே வேகம் கூடும். உங்கள் டயரின் எழுத்து கம்பெனி சொன்னதை விடக் குறைந்ததாக இல்லாமல் இருந்தால் சரி.

19 ஜனவரி

இன்று என் வண்டிக்கு ஆயில் மாற்றினோம். பென்னாகரம் சாலையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன், உதவிக்கு என் பையன்.

முதலில் பழைய ஆயிலை டப்பாவிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டு, புது ஆயிலை நிரப்பினார். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிளில் ரிங் ஸ்பேனரைப் போட்டு, அதன் மேல் மீன்தொட்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். "மிதி... பிடி... விடாதே... இப்ப விடு." பையன் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, அண்ணன் மிதிக்கிற நேரத்துக்கு மட்டும் நிப்பிளைத் திறந்து மூடினார். முதலில் வந்தது பழுப்பு. அதில் கோலி சோடா மாதிரிச் சின்னச் சின்னக் குமிழி. எட்டாவது மிதியில் நிறம் வெளுத்தது. பன்னிரண்டாவதில் குழாய் முழுக்கத் தேன் நிறத்தில் ஒரே கோடு. பையன் எட்டிப் பார்த்து "அப்பா, தெளிஞ்சிடுச்சு" என்றான்.

நான்கு சக்கரத்துக்கும் ஒரு லிட்டரில் கொஞ்சம் மிச்சம். இடையில் டப்பா காலியாகக் கூடாது, காலியானால் காற்று உள்ளே போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெயின்ட் மேல் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும். மிச்ச ஆயிலை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், திறந்த பாட்டில் ஈரம் இழுக்கத் தொடங்கிவிடும்.

வலது பின் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்.

20 ஜனவரி

கடைசி வரியைத் திருத்துகிறேன். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் நம் வண்டியில் வலது பக்கம், டிரைவருக்கு முன்னால் இருக்கிறது. அதிலிருந்து மிகத் தூரம் இடது பின் சக்கரம், பழைய வழக்கப்படி அதில்தான் தொடங்க வேண்டும். குறுக்காகப் பிரித்த பிரேக் லைன் உள்ள வண்டிகளில் வரிசை வேறாக இருக்கலாம், உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள வரிசையே கணக்கு. நேற்று அண்ணன் சரியாகத்தான் செய்தார், நான் தான் மாற்றி எழுதிவிட்டேன்.

டாட் 5 போடலாமா என்று ஓசூர் தம்பி கேட்கிறார். வேண்டாம். அது சிலிக்கோன், 3, 4, 5.1 எதனோடும் சேராது. 5.1 வேறு, அது 4இன் இனம், கொதிநிலை 260, ஈரம் ஏறினால் 180. டாட் 4இலேயே 300 டிகிரி தாண்டுகிற பந்தய ஆயில்களும் கிடைக்கின்றன, அவற்றை வருடா வருடம் மாற்ற மனம் இருந்தால் வாங்குங்கள். எனக்கு நல்ல டாட் 4, புதுசு, போதும்.

26 ஜனவரி

காவேரிப்பட்டினம் தம்பி இன்று வண்டியோடு வந்திருந்தார். இருவரும் ஒரே நாளில் போகிறோம் என்று முடிவாகிவிட்டது.

அவர் வண்டியின் முன் பேடைக் கழற்றிப் பார்த்தால் 3 மி.மீ.தான் மிச்சம். ஊருக்குள் இன்னும் சில ஆயிரம் கி.மீ. ஓடும், தடத்தில் ஆகாது. பேட் மெலிந்தால் தேய்ந்து போவது மட்டும் கவலை இல்லை, டிஸ்க்கின் சூட்டுக்கும் பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கிற ஆயிலுக்கும் நடுவில் தடுப்பாக இருப்பதும் அந்தப் பேட்தான். புது பேட் 10 மி.மீ. போட்டோம். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பாவில் ஆயில் விளிம்பு வரை ஏறிவிட்டது. தேய்மானத்தால் இறங்கின அளவைப் பார்த்து யாரோ டாப்அப் செய்து வைத்ததன் விளைவு அது.

புது பேடைப் போட்டு நேராகத் தடத்துக்குப் போகக் கூடாது, படிய வைக்க வேண்டும். புது பேடில் உள்ள பிசின் முதல் சூட்டில் வாயுவாக வெளியேறும், அது பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நின்று பிடியைக் கெடுக்கும். அரூர் சாலையில் விடிகாலை ஐந்தரைக்கு, முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்து, 60இலிருந்து 10 வரை எட்டு முறை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். முழுதாக நிறுத்தக் கூடாது. சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அதன் பொருள் டிஸ்க்கில் ஒட்டி, பிற்பாடு பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங் உதறும். எட்டு முறைக்குப் பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள்.

27 ஜனவரி

"பிரேக்கை நீளமாக மிதிக்காமல் கடைசியில் பலமாக, குறுகலாக மிதித்தால் சூடு குறையும்" என்று நேற்று நேரில் சொன்னேன். இரவு யோசித்துப் பார்த்தேன், அது சரியில்லை. 120இலிருந்து 60க்கு வந்தால் வெளியேறும் சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான், மெதுவாக மிதித்தாலும் பலமாக மிதித்தாலும். குறுகலாக மிதிப்பதில் நடுவில் ஆற நேரம் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். வளைவுக்கு நடுவிலும் பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டே இருப்பதுதான் தப்பு.

உண்மையில் சூட்டைக் குறைப்பது தொடங்குகிற வேகம். 120க்குப் பதில் 110இல் பிரேக்கைத் தொட்டால் 416 கிலோ ஜூல் 328 ஆகிறது. 10 கி.மீ. விட்டுக் கொடுத்தால் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. நேர்சாலை முடிவதற்குக் கொஞ்சம் முன்பே ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். முதல் நாளில் இதைச் செய்கிறவர் சாயங்காலம் வரை பிரேக்கோடு இருப்பார்.

2 பிப்ரவரி

டயர் காற்று. இதற்கு வரும் கேள்விகள்தான் அதிகம்.

காற்று 10 டிகிரி சூடானால் சுமார் 1.5 பிஎஸ்ஐ ஏறும். தருமபுரியில் விடிகாலை 20 டிகிரியில் 32 அடித்துக்கொண்டு போனால், கோவை மதியம் 33 டிகிரியில் வண்டி நிழலில் சும்மா நின்றாலே 34. தடத்தில் 15 நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் முன் டயர் 39 காட்டும். அதிகக் காற்றில் டயர் நடுவில் மட்டும் தரையைத் தொட்டு வழுக்கும். ஆகவே செஷன் முடிந்து வந்த உடனே, சூடாக இருக்கும்போதே அளந்து 35க்கு இறக்குகிறேன். என் வண்டிக்கு அது பொருந்துகிறது. உங்கள் வண்டிக்கு, டயரின் தோள் பகுதியில் சாக்பீஸால் நான்கு இடத்தில் குறுக்கே கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. தோளுக்கு மேல் அழியவே இல்லை என்றால் அதிகம்.

மறக்கக் கூடாதது: சூட்டில் 35க்கு இறக்கிய டயர் ஆறினால் 29க்கு வந்துவிடும். அதோடு 230 கி.மீ. நெடுஞ்சாலையில் வீட்டுக்கு வரக் கூடாது. கிளம்பும் முன் மறுபடி அடியுங்கள். டிக்கியில் சிகரெட் லைட்டரில் செருகுகிற பம்ப் ஒன்று போதும், ஆனால் அளவுமானி தனியாக வாங்குங்கள். ஒரே டயரை மூன்று பஞ்சர் கடையில் அளந்து மூன்று எண் கேட்டிருக்கிறேன்.

நைட்ரஜன் கேட்டவருக்கு: நாம் அடிக்கிற காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இல்லாததுதான் அதில் கிடைக்கிற லாபம். அதற்காக அலைய வேண்டாம்.

9 பிப்ரவரி

சின்னச் சின்னது. வீல் நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து, புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள், எல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று இறுக்க வேண்டாம். முதல் செஷனுக்குப் பிறகு ஆறவிட்டு மறுபடி பாருங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, மேட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். பாட்டில் உருண்டு பெடலுக்கு அடியில் போய் நின்றால் எந்த ஆயிலும் காப்பாற்றாது.

ஹேண்ட்பிரேக். செஷன் முடிந்து வந்ததும் கை தானாக அதற்குப் போகும். போடாதீர்கள். பின்னால் டிரம் உள்ள வண்டியில் சூட்டில் விரிந்த டிரம் ஆறும்போது சுருங்கி லைனரைக் கவ்விக்கொள்ளும். டிஸ்க் உள்ள வண்டியில் பேட் பொருள் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுங்கள். உள்ளே வருவதற்கு முந்தைய சுற்றை முழுக்க மெதுவாக, பிரேக் தொடாமல் ஓட்டுங்கள். காற்றுதான் ஆற்ற வேண்டும், நின்ற வண்டியில் டிஸ்க்கின் சூடு காலிப்பருக்குள் ஊறும்.

16 பிப்ரவரி, இரவு, வீடு

போய்விட்டு வந்தாயிற்று.

விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி, அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் வாசலில் வண்டியிலிருந்தபடியே கும்பிட்டுவிட்டு, தொப்பூரை மூன்றாம் கியரில் இறங்கினோம். தம்பி என் பின்னாலேயே வந்தார். இறக்கம் முழுக்க அவர் பிரேக் விளக்கு இரண்டே முறைதான் எரிந்ததாம், அவரே சொன்னார். அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

நான்கு செஷன், தலா 15 நிமிடம். இரண்டாவது செஷன் முடிந்து வந்தபோது அவர் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல். பெடல் மட்டும் காலையில் இருந்த உயரத்திலேயே இருந்தது. நான் உட்கார்ந்து பத்து முறை மிதித்துப் பார்த்தேன், ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. பெரிய டிஸ்க் போட்ட வண்டி ஒன்று மூன்றாவது செஷனில் பெடல் போய் உள்ளே வந்தது. ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். வண்டி வாங்கினதிலிருந்து மாற்றவே இல்லை என்றார். அவரிடம் எதுவும் சொல்லவில்லை, என்னிடம் இருந்த சீல் உடைக்காத பாட்டிலைக் கொடுத்தேன். அங்கேயே காற்று எடுத்துவிட்டுக் கடைசிச் செஷன் ஓட்டினார்.

17 பிப்ரவரி

காலையில் இரண்டு வண்டியையும் தூக்கிப் பார்த்தோம். தம்பியின் முன் பேட் 10 மி.மீ. இருந்தது, இப்போது எட்டரை. ஒரு நாளில் ஒன்றரை. டயரில் முன் வெளித் தோள் கொஞ்சம் சொரசொரப்பாகியிருக்கிறது, பிய்யவில்லை. முன்பின் மாற்றிப் போட்டோம்.

என் வண்டியில்தான் வேலை. இடது பின் டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டர் ரப்பரின் ஓரத்தில் ஈரம். இன்னும் லைனருக்கு வரவில்லை. அண்ணன் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்து, "புது ஆயில்தான், ஆனா ரப்பர் பழசு" என்றார். இரண்டு பக்கமும் சிலிண்டர் மாற்றச் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறது. அதுவரை ஸ்கூட்டர்.